காய்ச்சத் தேவையில்லை

மருமகளைப் பிடித்து உள்ளே போடச் சொல்லி வந்த மாமியார்களைச் சித்தப்பா நிறையப் பார்த்திருக்கிறார். உள்ளே இருக்கும் மருமகளை வெளியே கொண்டு வரச் சொல்லி ஒரு மாமியார் வந்து நின்றதை அன்றுதான் பார்த்தார்.

"உட்காருங்கம்மா. அட்ரஸ் மாறி வந்துட்டீங்களோன்னு நெனச்சேன்," என்றார்.

"இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" என்று அந்த அம்மாள் மேஜைக்கு அப்பால் இருந்தவளிடம் கேட்டாள்.

"தூங்கும்போது பேச மாட்டார். நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

மேஜைக்கு அப்பால் இருந்தவள் சித்தப்பாவின் அண்ணன் மகள். போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஊருக்கு அவள் மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்று வந்து அவளுக்கு உதவியாளராக ஒட்டிக்கொண்ட சித்தப்பாவுக்கு இன்னும் பாப்பா. அடுத்தவர் எதிரில் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. எழுதிக் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் என்பதால் அவர் அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

அந்த அம்மாள் சொன்ன விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். பால் குடித்து ஒரு பெண் குழந்தை செத்துப் போயிருந்தது. நாலு வயது. வாந்தி, பேதி, காய்ச்சல், அப்புறம் வலிப்பு. ஆஸ்பத்திரியில், உணவு நஞ்சானதால் வந்த கோளாறு என்றார்கள். ஊர் காதில் 'நஞ்சு' மட்டும் விழுந்தது. ஊற்றியது யார் என்ற கேள்வி தானாகவே பிறந்தது.

"என் மருமக பால் ஆராய்ச்சி பண்றவ," என்றாள் அம்மாள். "கிராம்பு, பட்டை, ஓமவல்லி இலை, இதுலேர்ந்தெல்லாம் ஒரு சாறு எடுத்தா. கறந்த பால்ல அளவா விட்டா கிருமி சீக்கிரம் பெருகாது, வீடு வந்து சேர்ற வரைக்கும் பால் கெடாது. அவ்வளவுதான் அவ சொன்னது. காய்ச்சாமக் குடிங்கன்னு அவ ஒரு நாளும் சொல்லல. பண்ணை முதலாளிதான் மூலிகைப் பால்னு பேர் வெச்சு வித்தார். இப்போ சாறுல விஷம்னு அவளைக் கொண்டு போயிட்டாங்க."

"சாறை அளந்து ஊத்தறது யாரு?"

"அவளேதான். வேற யாரையும் தொட விட மாட்டா. அதனாலதான் அவ தலையில விடிஞ்சிருக்கு."

"நீங்க அந்தப் பாலைக் குடிக்கிறீங்களா?" என்று சித்தப்பா கேட்டார்.

"எங்க வீட்டுக்கு வேற பால் ஏது? காய்ச்சித்தான் குடிக்கிறேன். பல் டாக்டர் வீட்டுல காபி குடிச்ச மாதிரி ஒரு வாசனை. அதைக் கூடப் பொறுத்துக்கலாம். தயிர் உறையாது! ராத்திரி உறை ஊத்தினா காலையில பால் பாலாவே கிடக்கும். அதுக்கு எனக்கும் அவளுக்கும் நடக்காத சண்டை இல்ல." அம்மாள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "சண்டை போடறதுக்காவது அவ வீட்டுல இருக்கணுமில்ல?"

சித்தப்பா சொல்ல வைத்திருந்த அடுத்த ஜோக்கை விழுங்கிவிட்டார்.

பண்ணை, ஊரின் விளிம்பில், சிமெண்டு தளமும் தகரக் கூரையுமாக நீண்டு கிடந்தது. முதலாளி சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு வாசலிலேயே எதிர்கொண்டார். முகத்தில் துக்கம் இருந்தது. அளவோடு இருந்தது.

"என் பண்ணையில வேலை பார்க்கற பொண்ணோட குழந்தைங்க அது. கறவை வேலை செய்யறா. அவ புருஷனுக்கு லேத் பட்டறையில வேலை. என் குடும்பத்துல ஒரு சாவு விழுந்த மாதிரி இருக்கு."

"பால் எப்படிப் போகுதுன்னு காட்டுங்க," என்றாள் மேடம்.

காட்டினார். கறந்த பால் வாளி வாளியாக வந்து பெரிய எஃகுத் தொட்டியில் விழும். தொட்டி நிறைந்ததும் சாறு அளந்து ஊற்றப்படும். துடுப்பு சுற்றிக் கலக்கும். பிறகு பாட்டில். பாட்டிலின் மேல் பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது: 'மூலிகை காக்கும் பால். காய்ச்சத் தேவையில்லை.'

"இந்த வாசகம் யார் எழுதினது?"

"விளம்பரம்னா நாலு வார்த்தை கூடத்தான் இருக்கும். அந்தம்மாதான் கிருமி சாகும்னு சொன்னாங்க. அன்னிக்கு அளவு தப்பிப் போச்சு. அதிகமா ஊத்திட்டாங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல. வேற என்ன இருக்க முடியும்?"

"அன்னிக்கு இந்தத் தொட்டிப் பாலை எத்தனை வீட்டுல வாங்கினாங்க?"

"பாதி ஊரே வாங்கிச்சு."

"வேற எந்த வீட்டுலயாவது யாருக்காவது உடம்புக்கு வந்துச்சா?"

முதலாளி யோசித்தார். "குழந்தை உடம்பு. தாங்கியிருக்காது."

"பாதி ஊர்ல குழந்தையே இல்லையா?" என்று சித்தப்பா கேட்டார். "விஷம் கூட ஆள் விலாசம் பார்த்துத்தான் போகுமோ?"

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொழுவத்தைக் கடந்து வெளியே வரும்போது வரிசையாக நின்ற மாடுகளுக்கு நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்தத் தரையில் பினாயில் நெடி கண்ணைக் கரித்தது.

"இந்த மாட்டுக்கு மட்டும் லீவா?"

"வித்துட்டேன். வயசாயிடுச்சு."

காரில் ஏறியதும் சித்தப்பா சொன்னார்: "பாப்பா, இந்த ஆளு சட்டையில ஒரு சுருக்கம் கூட இல்ல. வீட்டுல சாவுன்னு சொல்றவன் இஸ்திரி போட்டுக்கிட்டா நிப்பான்?"

"இஸ்திரி போட்டதுக்கு யாரையும் உள்ளே வைக்க முடியாது சித்தப்பா. குழந்தை வீட்டுக்கு விடுங்க."

இரண்டு அறை வீடு. சுவரில் ஆணியில் மஞ்சள் நிற மழைக்கோட்டு ஒன்று தொங்கியது. பெரியவர்கள் யாருக்கும் முழங்கை வரைக்கும் கூட வராது. குழந்தையின் அப்பா கூடத்தில் நின்றபடியே பேசினார். உட்கார அவரால் முடியவில்லை.

"அவளுக்காகத்தானே வந்திருக்கீங்க? எம் பொண்ணைக் கொன்னவளுக்காக. எவ்வளவு தைரியம் உங்களுக்கு!"

"அவங்கதான் செஞ்சாங்கன்னா நானே உங்க பக்கம் சாட்சி சொல்றேன்," என்றாள் மேடம். "உங்களுக்கு யார் சொன்னது, சாறுலதான் கோளாறுன்னு?"

"முதலாளி. ஆஸ்பத்திரி வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அவருக்கு இருக்கற ஈரம் கூட அவளுக்கு இல்ல."

"நீங்க அந்தப் பாலைக் குடிக்கலையா?"

"எனக்கு டீதான். பச்சைப் பால் குழந்தைக்கு மட்டும். நோஞ்சானா இருந்தா. காய்ச்சினா சத்துப் போயிடும்னு முதலாளிதான் சொன்னார்." சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். "ஸ்டேஷனுக்குப் போறேன். அவளை வெளியே விட்டுடப் போறாங்க, அதைத் தடுக்கணும்."

குழந்தையின் அம்மா சமையலறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வந்ததோ, கணவர் போனதோ அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருத்தி சமைத்து எடுத்து வந்து வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை உள்ளே வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள் பெருமூச்சு விட்டாள்.

"பாருங்க, போன வாரம் உறை ஊத்தின தயிர் அப்படியே இருக்கு. கல்லு மாதிரி. இவ கைராசி அப்படி. எனக்கும் அதே பண்ணைப் பால்தான். இவகிட்டயே உறை வாங்கிட்டுப் போய் ஊத்துவேன். ஒரு நாளாவது உறையணுமே!"

"பாலைக் காய்ச்சிட்டுத்தானே உறை ஊத்துவீங்க?" என்றாள் மேடம்.

"ஆமா, ரெண்டு பேருமே அப்படித்தான். பக்குவமெல்லாம் ஒண்ணுதான். கைராசிதான் வேற."

மேடம் எழுந்து போய் அந்தக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள். பிறகு சித்தப்பாவின் மூக்கருகே நீட்டினாள். புளித்த வாசனை. அவ்வளவுதான்.

"என்ன பாப்பா?" என்றார் சித்தப்பா, பழக்கத்தில்.

மூலையில் இருந்தவள் தலையை வெடுக்கென்று தூக்கினாள். அவள் கண் வாசலுக்கு ஓடியது, மழைக்கோட்டுக்கு ஓடியது, திரும்பி வந்தது. மறுபடி தலை முழங்காலில் கவிழ்ந்தது.

அந்த வீட்டுக் குழந்தைக்கும் அந்தப் பெயர்தான் என்று சித்தப்பாவுக்குப் புரிந்தது. நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது. வாசலுக்கு வந்து காரின் மேல் சாய்ந்து நின்றார். அண்ணன் மகள் பின்னாலேயே வந்தாள்.

"சித்தப்பா, மாமியார்க்காரி என்ன சொன்னாங்க?"

"தயிர் உறையாதுன்னாங்க."

"ஏன் உறையாது?"

"சாறு கிருமியைப் பெருக விடாது. தயிர் உறையறதும் ஒரு வகைக் கிருமியாலதான். அதுக்கு நல்லது கெட்டது தெரியுமா? சேர்த்து அடக்கிடும்."

"பக்கத்து வீட்டுல?"

"அங்கேயும் உறையாது." சித்தப்பா மெல்ல நிமிர்ந்தார். "அதே உறை. அதே பக்குவம். இந்த வீட்டுல மட்டும் உறையுது. கிராம்பு வாசனையும் இல்ல. அப்போ இந்த வீட்டுப் பால்ல சாறே இல்லம்மா! பால் பண்ணையிலேர்ந்து வரலையா?"

"பண்ணையிலேர்ந்துதான் வந்துச்சு. தொட்டியிலேர்ந்து வரல."

சித்தப்பா வீட்டைத் திரும்பிப் பார்த்தார். சாறு கலக்கும் முன்பே, வாளியிலிருந்து பால் எடுக்கக் கூடிய ஆள் யார் என்று யோசிக்க ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட இதை எப்படிக் கேப்பே?"

"தெரியல. கேக்காம இருக்கவும் முடியாது. உள்ளே ஒருத்தி கொலைகாரின்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருக்கா."

பக்கத்து வீட்டுப் பெண்மணி போகும் வரை காத்திருந்து உள்ளே போனார்கள். மேடம் சமையலறைத் தரையிலேயே அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சித்தப்பா நிலைப்படியோரம் நின்றார்.

"அக்கா, குழந்தைக்குத் தனியாப் பால் எடுத்து வருவீங்களா?"

அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"தொட்டியில ஊத்தறதுக்கு முன்னாடி எடுப்பீங்களா?"

அவள் உதடு அசைந்தது.

"சாறு ஊத்தற அந்தம்மா, அது கிருமியைக் கொல்லும்னு சொன்னாங்க," என்றாள். "நல்லவங்கதான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா கொல்லும்னு சொன்னாங்க இல்ல? எதைக் கொன்னாலும் கொல்றது கொல்றதுதானே, எம் பொண்ணுக்கு எதுக்கு அதுன்னு நெனச்சேன். அதனால வாளியிலேர்ந்தே ஒரு தூக்கு எடுத்துக்குவேன். சுத்தமான பால்னு நெனச்சேன். பச்சையாக் குடுத்தா பலம்னு முதலாளி சொன்னார். எங்களுக்குக் காய்ச்சினேன். தயிருக்குக் காய்ச்சினேன். அவளுக்கு மட்டும்..."

சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஆயிரம் நக்கலில் ஒன்றுகூட அந்த அறைக்கு உதவாது.

"அன்னிக்கு எந்த மாட்டுப் பால்?"

"ஒத்தைக் கொம்பு. அதுக்கு மடி வீங்கி, கல்லு மாதிரி இருந்துச்சு. அந்தம்மாதான் பார்த்துட்டு, இது பாலைத் தொட்டியில சேர்க்காதீங்க, கறந்து கொட்டிடுங்கன்னு சொல்லி, கொம்புல சிவப்புத் துணி கட்டிட்டுப் போனாங்க. கொஞ்ச நாள் கொட்டினோம். அப்புறம் முதலாளியே வந்து துணியை அவுத்துட்டார். சரியாயிடுச்சு, கறன்னார். எனக்குத் தொட்டப்போ மடி சூடாத்தான் இருந்துச்சு. கேட்டேங்க. 'அதான் சாறு ஊத்தறோமே, அது பார்த்துக்கும்'னார்."

மேடம் மூச்சை இழுத்து விட்டாள். "சாறு ஊத்தின பாலுக்குத்தான் அவர் சொன்னார்."

"ஆமா. எனக்கு அது உறைக்கல. அன்னிக்கு அந்த வாளிதான் கிட்ட இருந்துச்சு."

தொட்டியில் அந்த ஒரு மாட்டின் பால் நூறு மாட்டுப் பாலோடு கரைந்தது. சாறு கொஞ்சம் தடுத்தது. மீதியை வீடுகளில் அடுப்பு தடுத்தது. அச்சடித்ததை நம்பாமல் பழக்கத்தில் காய்ச்சிவிட்டார்கள். இந்தக் குழந்தைக்கு எதுவுமே குறுக்கே நிற்கவில்லை. சித்தப்பா இதையெல்லாம் தனக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். அடுக்க அடுக்கக் கோபம் ஏறியது.

"ஆஸ்பத்திரியிலேயே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று மேடம் கேட்டாள்.

"தெரிஞ்சிடுச்சு. முதலாளிகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். ஒத்தைக் கொம்புப் பாலைத்தான் குடுத்தேங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு. சொன்னா வைத்தியத்துக்கு ஆகும்னு."

"என்ன சொன்னார்?"

"'வாயைத் திறக்காதே'ன்னார். 'நீயே உன் கையால குடுத்தேன்னு தெரிஞ்சா உன் புருஷன் உன்னை உயிரோட விடுவானா? நான் பார்த்துக்கறேன், நீ சும்மா இரு'ன்னார். அப்போ குழந்தைக்கு மூச்சு இருந்துச்சுங்க."

முதலாளியின் அளவோடு துக்கம் காட்டிய முகம் சித்தப்பாவின் கண் முன்னால் வந்து நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையின் அப்பா கையைப் பிடித்து அழுத அதே நாளில், உள்ளே இருந்த டாக்டருக்குத் தெரிய வேண்டிய ஒரு வார்த்தையைப் பூட்டி வைத்திருக்கிறார்.

மேடம் போனை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் சுருக்கமாகப் பேசினாள். ஒற்றைக் கொம்பு மாட்டை யாரிடம் விற்றார் என்று உடனே விசாரிக்கச் சொன்னாள். இன்னொரு வீட்டில் அதன் பால் அடுப்பேறாமல் போய்விடக் கூடாது. தயிர்க் கிண்ணத்தையும் பக்கத்து வீட்டுப் பாட்டிலையும் பரிசோதனைக்குக் கொண்டு வருவதாகச் சொன்னாள்.

அவள் போனை வைத்தபோதுதான் சித்தப்பா வாசலைப் பார்த்தார். குழந்தையின் அப்பா நின்றிருந்தார். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வெளியே போயிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முகமே சொன்னது.

சித்தப்பா ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். வயதான உடம்புதான்; ஆனாலும் குறுக்கே விழலாம்.

அந்த மனிதர் அவரைத் தாண்டி மனைவியின் முன்னால் போய் நின்றார். அவள் நிமிரவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்து, தோளைக் கூடச் சுருக்காமல் இருந்தாள்.

"எழுந்திரு," என்றார். "செருப்பைப் போடு. ஸ்டேஷனுக்குப் போய் இப்போ சொன்னதை அப்படியே சொல்லணும். ஒண்ணு விடாம."

"நீங்க..."

"வீட்டுக்குத் திரும்பினப்புறம் நான் உன்கூடப் பேசுவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. அது வேற. எம் பேச்சை நம்பித்தான் ஒருத்தியை உள்ளே அடைச்சு வெச்சிருக்காங்க. அவ வீட்டு மேல நான் கல்லெறிஞ்சேன். எழுந்திரு."

ஸ்டேஷனில் அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புத் துணியைச் சொன்னாள், வாளியைச் சொன்னாள், ஆஸ்பத்திரி நடையில் முதலாளி சொன்னதைச் சொன்னாள். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஏட்டுதான் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்.

மாடு பக்கத்து ஊரில் ஒரு சின்ன வீட்டுத் தொழுவத்தில் கிடைத்தது. வாங்கியவர்கள் கன்றுக்குட்டிக்கு விட்டுவிட்டு மிச்சத்தைக் காய்ச்சிக் குடித்திருந்தார்கள். கொம்பில் கட்டிய துணியின் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலாளியைக் கூட்டி வந்தார்கள். "நான் என்ன விஷமா கலந்தேன்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். மருமகளை அழைத்துப் போக வந்திருந்த மாமியார் அவரைப் பார்த்து, "கலந்திருந்தா கூட டாக்டருக்கு மருந்து தெரிஞ்சிருக்கும். நீங்க வாயையில்ல பூட்டிட்டீங்க," என்றாள்.

மருமகளை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். லாக்கப்பிலிருந்து அவள் வெளியே வந்ததும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போகலாம்," என்று மட்டும் சொன்னாள். ஸ்டேஷன் வாசலை நெருங்கும்போது மருமகள் நின்றாள். பெஞ்சின் ஓரத்தில் இருந்த குழந்தையின் அம்மா எழுந்து கையெடுத்துக் கும்பிட வந்தாள். கும்பிடுவதற்குள் மருமகள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி வெடித்திருந்த கறவைக்காரியின் கை. பிடித்த கையை விடக் கொஞ்ச நேரம் ஆனது.

குழந்தையின் பெற்றோரை வீட்டில் கொண்டு விடுவதாகச் சித்தப்பா சொன்னார். மேடம் முன்னால் ஏறிக்கொண்டாள். அம்மா பின் சீட்டில் சன்னலோரமாக ஒடுங்கினாள். அப்பா வெளியிலேயே நின்றார். பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தார். சித்தப்பா அவசரப்படுத்தவில்லை, சாவியைத் திருகாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த மனிதர் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். அவரும் சன்னலோரமாகவே உட்கார்ந்தார்.

சித்தப்பா வண்டியைக் கிளப்பினார். திருப்பத்தில் ஒரு தரம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவள் ஒரு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் இன்னொரு சன்னலுக்கு வெளியே. நடுவில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. சித்தப்பா பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.